சிவப்பு நூல் கட்டிய சாவி

மொனஸ்தீர்,
பெருநாள் கழிந்த வாரம்

அன்புத் தம்பி லஸாதுக்கு, அண்ணி வசீலா எழுதுவது.

உன் அம்மா நலமாக இருக்கிறார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் இருக்கும் நல்ல சேதி இது ஒன்றுதான். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. தினமும் சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன். பெருநாளன்று உன் பங்கு பக்லாவாவை ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்திருந்தார். எறும்பு மொய்த்த பிறகும் எடுக்க விடவில்லை.

உன் பழைய போன் எண் வேலை செய்யவில்லை. புது எண்ணை நீ யாருக்கும் தரவில்லை. பெருநாளுக்கு நீ அம்மாவுக்கு அனுப்பிய பொட்டலத்தின் மேல் மால்டாவில் நீ வேலை செய்யும் படகுப் பட்டறையின் முகவரி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். கடிதம் எழுதிப் பழக்கம் விட்டுப்போன கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அண்ணனை இன்னும் விடவில்லை. கூடப் பிறக்காவிட்டாலும் நீ ஷாத்லியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாய், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன். ஜாமீன் கேட்டோம், மறுத்துவிட்டார்கள். நம் படகு 'பஹ்ரியா' மூழ்கியதற்கும், பெயிண்டர் பஷீர் செத்ததற்கும் எஞ்சின்களைப் பார்த்துக்கொண்ட அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று வழக்கு. நீ பஷீரை அடக்கம் செய்த கையோடு வேலை கிடைத்தது என்று கிளம்பிவிட்டாய், அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. படகைக் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். எஞ்சின்களுக்குக் கடல்நீர் எடுக்கும் அந்தப் பெரிய வால்வு திறந்திருந்ததாம். அதில் மாட்டியிருந்த புது ரப்பர் குழாய் கழன்று கிடந்ததாம், இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்றுகூட அதில் இல்லையாம். படகின் சாவியைக் காணோமாம். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வால்வை மூடாமல் வீட்டுக்குப் போய்விட்டார், அடுத்த நாள் நோன்பு திறக்கும் நேரத்தில் துறைமுகத்தில் ஈ காக்கை இல்லாதபோது தண்ணீர் ஏறிவிட்டது, முன் அறையில் தூங்கிக்கொண்டிருந்த பஷீரால் கதவைத் திறக்க முடியவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

வக்கீல் நல்ல பையன்தான். ஆனால் படகு என்றால் சினிமாவில் பார்த்ததோடு சரி. சாவி வழக்கத்தை அவனுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு. காப்பிப் பாத்திரத்தை முன்னால் வைத்துச் சொன்னேன். இதோ பாருங்கள், வேலை முடிந்து கிளம்பும்போது வால்வை மூடி, மிதப்பதற்காகத் தக்கை கட்டிய படகின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவிடுவார்கள். எஞ்சினைக் கிளப்ப வருகிறவன் சாவிக்காகக் கீழே இறங்கி வந்தே ஆக வேண்டும். சாவியை எடுத்ததும் வால்வைத் திறக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மேலே போக வேண்டும். அப்படியென்றால் எஞ்சின் தண்ணீர் இல்லாமல் வெந்து போகாது, படகும் சும்மா நிற்கும்போது முழுகாது. இதில் இன்னொன்றும் உண்டு. கீழே வேலை முடியாமல் கிடந்தால் சாவியில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டுவார் ஷாத்லி. சிவப்பு இருந்தால் கேப்டனாக இருந்தாலும் முதலாளியாக இருந்தாலும் தொடக்கூடாது. அந்த நூல் என் பின்னல் கூடையிலிருந்து போவது. படகு முழுகியதற்கு முந்தின நாள், அந்தச் சனிக்கிழமை காலையில்கூட என்னிடம் கேட்டு வாங்கிப் போனார். கிளாம்ப் அளவு சரியில்லை, குழாயைச் சும்மா சொருகி மட்டும் வைக்கப்போகிறேன் என்று சொன்னார்.

வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க அவர் சம்சாரம். நீங்க சொல்றதை நீதிபதி காதுல வாங்குவாரு, கணக்குல எடுக்க மாட்டாரு" என்றான். அந்த வழக்கத்தைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். நீதான் இருக்கிறாய். அந்தப் படகின் கேப்டன் நீ. அன்று படகுப் பக்கமே போகவில்லை என்று போலீஸில் நீ எழுதிக் கொடுத்திருப்பதால் உனக்கு ஒரு தொந்தரவும் வராது. வந்து நின்று, இந்த மனிதர் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வால்வை மூடாமல் மேலே ஏறியதில்லை என்று சொல். அது போதும். மே மாதக் கடைசியில் விசாரணை.

போன வெள்ளிக்கிழமை பஷீரின் அண்ணன் கைரவானிலிருந்து வந்திருந்தார். சண்டை போடுவார் என்று நினைத்துக் கதவைப் பாதிதான் திறந்தேன். உள்ளே வரவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை. "அவர் மூடினாரா இல்லையான்னு மட்டும் சொல்லும்மா. நான் திட்ட வரலை. எங்க அம்மா கேட்டுக்கிட்டே இருக்கு" என்றார். மூடினார் என்று சொன்னேன். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் எப்படிப் பார்த்திருப்பேன்? அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வந்துவிடு தம்பி. கடலும் காற்றும் உனக்கு இணக்கமாக இருக்கட்டும்.

உன் அண்ணி,
வசீலா


மொனஸ்தீர்,
மே மாதம்

தம்பி லஸாதுக்கு,

கடிதம் கிடைத்திருக்கும். பதில் இல்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன், வேறு மாதிரி நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. உன் அம்மாவிடம் நீ கடிதம் போட்டதாகப் பொய் சொன்னேன். என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டார். மால்டாவில் ரொட்டி நன்றாக இல்லையாம் என்று சொன்னேன். அன்றெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

உன் அண்ணன் சாப்பிடுவதில்லை. வாராவாரம் கூடையைத் தூக்கிக்கொண்டு சிறை வாசலில் நிற்கிறேன். காவலர்கள் ஒவ்வொரு பாத்திரத்தையும் திறந்து கத்தியால் குத்திப் பார்ப்பார்கள். எலும்பு இருக்கக்கூடாது, முள் இருக்கக்கூடாது. மீனை முள்ளெடுத்து, குஸ்குஸ்ஸை ஆவியில் வைத்து, ஹரீஸா மிளகாய் விழுதைத் தனியாகக் கட்டிக் கொடுத்தால், அடுத்த வாரம் பாத்திரம் பாதி நிறைந்தபடியே திரும்பி வருகிறது. வீட்டில் அதைக் கழுவும்போது வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை.

சாப்பாடு போகட்டும். அவருக்கு இப்போது அவர் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்ப்பதில்லை, தன் வலது கையைப் பார்க்கிறார். கைப்பிடியைத் திருப்புவதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "வசீலா, நான் மூடினேனா? குழாயைச் சொருகினது ஞாபகம் இருக்கு. நூல் கட்டினது ஞாபகம் இருக்கிற மாதிரி இருக்கு. மூடினதுதான் வரமாட்டேங்குது" என்கிறார். தினமும் செய்கிற வேலை எதுதான் ஞாபகத்தில் நிற்கும்? காலையில் அடுப்பை அணைத்தேனா என்று எனக்கும்தான் தெரியவில்லை. சொன்னேன், கேட்கவில்லை. "வால்வு திறந்திருந்துச்சுல்ல. தன்னால திறக்குமா? அந்தப் பையனை நான்தான் கொன்னிருக்கேன்" என்றார்.

வருகிற விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறாராம். வக்கீலிடமும் சொல்லிவிட்டார். ஒப்புக்கொண்டால் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியதுதான். அதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன் லஸாத். செய்யாத கொலையைச் செய்தேன் என்று நம்பிக்கொண்டு அந்த மனிதர் சாகப்போகிறார். அதை என்னால் தாங்க முடியாது.

அந்த எஞ்சின் அறை அவர் கைக்கு வருவதற்கு முன் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். இத்தாலிக்காரன் கட்டி, நாலு முதலாளி மாறி, எவனும் கீழே இறங்கிப் பார்க்காத படகு. அடியில் எண்ணெயும் கடல்நீரும் கலந்து முழங்கால் வரை கிடந்ததாக நீதான் என்னிடம் சொன்னாய். அவர் அதை வாளி வாளியாக அள்ளி, சுரண்டி, வெள்ளை பெயிண்ட் அடித்தார். எஞ்சின் அறையின் தரைக்கு வெள்ளையா, பைத்தியமா என்று துறைமுகமே சிரித்தது. வெள்ளையில்தான் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் தெரியும் என்றார். தண்ணீர் நுழையும் ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் அதன் அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டவர் அவர். நம் வீட்டு ஜன்னல் கொக்கி உடைந்து மூன்று குளிர்காலம் ஆகிறது, அதைச் சரிசெய்ய அவருக்கு நேரமில்லை. அந்தப் படகுக்கு மட்டும் நேரம் இருந்தது. நான் அந்த எஞ்சின்களைச் சக்களத்திகள் என்றுதான் கூப்பிடுவேன், நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். அப்படிப்பட்டவர் வால்வைத் திறந்துபோட்டு வந்தார் என்று ஊர் சொல்கிறது, நீயும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய்.

கோபத்தில் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனமில்லை, இருக்கட்டும்.

இதுவரை எழுதி நேற்று மடித்து வைத்தேன். மூட வேண்டிய கடிதத்தை மறுபடி திறந்து எழுதுகிறேன்.

இன்று உன் அம்மா வீட்டில் குளிர்காலத் துணிகளையெல்லாம் எடுத்து வெயிலில் போட்டோம். கதவுக்குப் பின்னால் உன் நீல ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. நோன்பு மாதம் முழுக்க நீ போட்டிருந்தாயே, அதுதான். அவசரத்தில் விட்டுப் போய்விட்டான், துவைத்து வைக்கலாம் என்று உன் அம்மா எடுத்துக் கொடுத்தார். துவைக்கும் முன்னால் பையைத் துழாவினேன். உள்பையில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

சாவி. அதே தக்கை. தக்கைக்கு மேலே சிவப்புக் கம்பளி நூல், மூன்று சுற்று, என் கணவர் போடும் முடிச்சு.

அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா அது என்ன சாவி என்று கேட்டார். ஏதோ வீட்டுச் சாவி என்று சொல்லி மடியில் மறைத்துக்கொண்டேன்.

நான் உன்னை எதுவும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. நீயே சொல்.

வசீலா


மொனஸ்தீர்,
விசாரணைக்கு முந்தைய வாரம்

லஸாத்,

இது கடைசிக் கடிதம். துனிஸிலிருந்து விமானத்தில் மால்டா போகும் ஒரு மாலுமியிடம் கொடுத்து அனுப்புகிறேன், உன் கையிலேயே கொடுப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார். கிடைக்கவில்லை என்று இந்த முறை நீ சொல்ல முடியாது.

சாவி கிடைத்ததை உன் அண்ணனிடம் சொன்னேன். எங்கே கிடைத்தது என்பதையும் சொன்னேன். அவர் தன் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, "நூல் கட்டி மாட்டியிருக்கேன்னா, அப்போ நான் மூடித்தான் இருக்கேன்" என்றார். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்கே தெரியவில்லை. இந்த வாரம் பாத்திரங்கள் காலியாகத் திரும்பி வந்தன, ரொட்டியால் துடைத்து வழித்திருந்தார்.

நான் உன்னைத் திட்டித் தீர்த்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். என்ன நடந்திருக்கும் என்று அவரே சொன்னார், நேரில் பார்த்தவர்போல. முதலாளி போன் செய்திருப்பான், படகை வாங்க யாரோ வருகிறார்கள், எஞ்சின் ஓடுகிறதா பார் என்றிருப்பான். நோன்பு நாள், வீட்டுக்குப் போகிற அவசரம். எஞ்சின் அறை இருட்டில் இறங்கிச் சாவியை எடுத்திருப்பாய். "சாவியை எடுத்தா கை தானா வால்வைத் திறந்துரும், வசீலா. அத்தனை வருஷப் பழக்கம். அவன் கண்ணு நூலைப் பார்க்கிறதுக்குள்ள கை வேலையை முடிச்சிருக்கும்" என்றார். எஞ்சின் ஓடியதைப் பார்த்ததும், அவசரத்தில் வால்வை மூடாமல் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பாய் என்றார். சொருகி மட்டும் இருந்த குழாய் உடனே கழலாது, எஞ்சின் அதிர அதிர நகர்ந்திருக்கும், நீ போன பிறகு விழுந்திருக்கும் என்றார். முன் அறையில் பஷீர் தூங்குவது உனக்குத் தெரிந்திருக்காது என்றும் சொன்னார். எஞ்சின் சத்தத்துக்கே எழாத நோன்புத் தூக்கம். உனக்காக எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார் பார்.

அதோடு விட்டாரா? "அவன் பேரை நீ சொல்லாதே. நானும் சொல்ல மாட்டேன். அவன் வாயால வரட்டும், வருவான்" என்கிறார். இப்படி ஒரு மனிதரோடு நான் எப்படிக் குடும்பம் நடத்தினேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ள மாட்டாராம், உன்னையும் காட்டிக்கொடுக்க மாட்டாராம். நடுவில் நான் அம்மியில் அகப்பட்ட மிளகாயாக அரைபடுகிறேன்.

வக்கீலிடம் சாவியைக் கொண்டுபோய்க் காட்டினேன். யார் பையில் இருந்தது என்று சொல்லவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தான். "சம்சாரம் கையில சாவி இருந்தா என்ன சொல்வாங்க? இத்தனை நாள் வீட்டுலயே வச்சிருந்துட்டு இப்ப நூல் கட்டிக் கொண்டுவந்திருக்கான்னு சொல்வாங்க அக்கா" என்றான். எடுத்தவன் வந்து எடுத்தேன் என்று சொன்னால்தான் அது சாவி, இல்லாவிட்டால் வெறும் இரும்பு. மனம் விட்டுப்போய் நேராக உன் அம்மா வீட்டுக்குத்தான் போனேன். வேறு எங்கே போவது?

உன் அம்மா எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்ததும், "ஏன்டி வசீலா, வீட்டுச் சாவிக்கு எதுக்குடி தக்கை? வீடு தண்ணில விழுந்துருமா?" என்று கேட்டார். மீன்பிடிக்கிறவரோடு ஆயுசு முழுக்க வாழ்ந்தவரிடம் நான் எப்பேர்ப்பட்ட பொய்யைச் சொல்லியிருக்கிறேன் பார். மடியிலிருந்து சாவியை எடுத்து முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அழவில்லை. படகு முழுகிய அன்று நீ நோன்பு திறக்கும் பீரங்கி வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வீட்டுக்கு வந்தாயாம். முற்றத்துக் குழாயில் ரொம்ப நேரம் கை கழுவினாயாம். டீசல் வாடை போகவில்லை என்று எலுமிச்சை மூடி கேட்டாயாம், அவர்தான் எடுத்துக் கொடுத்தாராம். சூப்புக் குடிக்கும்போது படகு முழுகிவிட்டது என்று யாரோ வந்து கூப்பிட, நீ கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடினாயாம். "போலீஸ்காரங்க என்கிட்ட வந்து கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். யாரும் கேக்கலை. நானும் என்னையே கேட்டுக்கலை" என்றார். ஜாக்கெட்டைத் துவைக்கலாம் என்று என் கையில் எடுத்துக் கொடுத்ததும் அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பையில் கனமாக எதுவோ இருந்தது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

இப்போது சாவி உன் அம்மாவிடம் இருக்கிறது. நான் கேட்டும் தரவில்லை. கதவின் கைப்பிடியில் மாட்டி வைத்திருக்கிறார், சிவப்பு நூலோடு. போகிறவர் வருகிறவர் எல்லோரும் என்ன அது என்கிறார்கள். என் மகன் வந்து எடுப்பான், அதுவரை யாரும் தொடக்கூடாது என்கிறார்.

நீ வராவிட்டால் விசாரணை அன்று காலையில் அதை மேலே போர்த்தும் ஸஃப்ஸாரியின் நுனியில் முடிந்துகொண்டு என்னோடு நீதிமன்றத்துக்கு வரப்போகிறார். எலுமிச்சை மூடியிலிருந்து எல்லாவற்றையும் நீதிபதி முன்னால் சொல்லப்போகிறார். வக்கீலிடம் கேட்டுவிட்டோம். பெற்ற தாய் சொன்னால் நம்பாத நீதிபதி இல்லை அக்கா என்றான். வேண்டாம் என்று நான் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "பஷீரோட அம்மாவும் கைரவான்ல உக்காந்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருக்காளாமே. அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டாமா" என்றார்.

ஆகவே தம்பி, ஷாத்லிக்காக நான் உன்னிடம் கெஞ்ச வேண்டிய நிலை இப்போது இல்லை. அவரை உன் அம்மா வெளியே கொண்டுவந்துவிடுவார். நான் இப்போது கெஞ்சுவது உன் அம்மாவுக்காக. அந்தக் கட்டடத்தின் படி உயரம். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் அதில் ஏறி, உன் பெயரைத் தன் வாயால் சொல்லிவிட்டு இறங்கி வந்தால், அதற்குப் பிறகு அவர் பிழைத்துக் கிடப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் போகிற வரைக்கும் பார்த்திருக்காதே. அவருக்கு முன்னால் நீ ஏறிவிடு.

பயப்படாதே என்று சொல்ல மாட்டேன், உன்னை உள்ளேதான் வைப்பார்கள். ஆனால் நீ அங்கே இருக்கும் நாள் முழுக்க கூடை நான் கொண்டுவருவேன். உனக்குப் பிடித்த மத்தி மீனை முள்ளெடுத்து வறுத்து, காரம் அதிகமாகப் போட்டு. காவலர்கள் குத்திப் பார்க்கட்டும். என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே, கோபத்தோடுதான் சமைப்பேன்.

உன் அம்மா இரவில்கூடக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. சாவியை எடுக்கக் கைப்பிடியைத் தொட்டால் கதவு தானே திறந்துவிடும். கடவுள் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அண்ணி,
வசீலா